அடுப்புப் புகை யார் குற்றம்?

சென்ற கார்த்திகை மாதத்தில், அடைமழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், நம் சங்கத்தைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. பாவடியில் பாவை விரித்துக் கஞ்சி போட இயலாமல் அவருடைய தறி நான்கு நாட்களாக ஓய்ந்திருந்தது. வீட்டினுள் நுழைந்ததும் நம் கண்கள் கரித்தன. சுவருக்கும் கூரைக்கும் இடையே புகை படலம் படலமாக நின்றது. அடுப்பின் முன்னே அவ்வீட்டு மருமகள் ஊதுகுழலும் கையுமாகக் குனிந்திருந்தார். அவருடைய தோளைப் பற்றியபடி ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. "ஓர் அடுப்பை எரிக்கத் தெரியவில்லையே உனக்கு!" என்று மாமியார் கடிந்துகொண்டார். "நான் என்ன செய்வேன், அத்தை? விறகு அழுகிறதே" என்றார் மருமகள்.

நாம் அருகே சென்று பார்த்தோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அடுப்பின் வாயிலிருந்து வெளியே நீண்டிருந்த கட்டையின் நுனியில் நுரை நுரையாக நீர் கசிந்துகொண்டிருந்தது. தொடைப் பருமனுள்ள பச்சைக் கட்டை, வெட்டி ஒரு மாதங்கூட ஆகியிராது, பிளக்கப்படவும் இல்லை. அதை விறகுக் கடையில் எடை போட்டு வாங்கி வந்த வீட்டுத் தலைவரோ திண்ணையில் அமர்ந்து நம்மோடு நூல் விலையைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

இக்காட்சி அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. விறகடுப்பு உள்ள வீடுகளில் புகை எழுந்தால், அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரையே குறை கூறுவது நம் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் தவறானது என்பது நம் அபிப்பிராயம். அடுப்பில் விறகு வைப்பது என்பது அடுப்பங்கரையில் தொடங்கும் வேலை அன்று. மரத்தை வெட்டும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. எப்பொழுது வெட்டினோம், எந்தப் பருமனில் பிளந்தோம், எங்கே அடுக்கினோம் என்பவற்றால் புகையின் அளவில் பெரும்பகுதி முன்னதாகவே நிச்சயமாகிவிடுகிறது. எஞ்சிய பகுதியே அடுப்பு எரிப்பவரின் கையில் இருக்கிறது. முதற்பகுதிக்குப் பொறுப்பு ஆண்மக்களுடையது. அதற்கும் மேலாக நம் கூட்டுறவுச் சங்கங்களுடையது. இதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிவாயு வந்த பின்னும் விறகா?

"வீடுதோறும் எரிவாயு வந்துவிட்ட இக்காலத்தில் விறகைப் பற்றி எழுதுவது ஏன்?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 2016-இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இணைப்பு கிடைத்தது. ஆயினும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய வீடுகளில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினரே சமையலுக்குத் தூய எரிபொருளை முதன்மையாகப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட நன்று. ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் எரிவாயு போன்றவற்றிற்கு மாறிவிட்டன. ஆனால் எரிவாயு உருளை உள்ள வீட்டிலும் விறகடுப்பு ஒழிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். குளிக்க வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கூழ் காய்ச்சவும், விருந்து நாட்களில் பெரிய பாத்திரம் ஏற்றவும் கொல்லைப்புறத்து அடுப்பே உதவுகிறது. சாயமேற்றும் நெசவாளருக்கும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சுபவருக்கும் விறகின்றி வேலை நடப்பது அரிது. உருளை தீர்ந்து, அடுத்ததற்குக் கையில் பணம் இல்லாத வாரத்தில் சமையலும் விறகடுப்பிற்கே திரும்புகிறது.

எரிவாயுவுக்கு மாற முடிந்தவர்கள் மாறுவதே சிறந்தது. இதில் நமக்கு ஐயமில்லை. வீட்டினுள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நன்றாக எரியும் விறகிலும் ஓரளவு புகை உண்டு. அதை முற்றிலும் தீங்கற்றதென்று நாம் கூறமாட்டோம். ஆனால் விறகு எரித்தே தீரவேண்டிய வீட்டில், எரிக்கும் முறையினால் புகையைக் குறைக்க வழியிருக்கும்போது, எரிவாயு வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வது நல்ல ஆலோசனை ஆகாது.

விறகு எரிவது எவ்வாறு?

விறகைச் சரியாக வைக்க வேண்டுமானால், அது எவ்வாறு எரிகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். வெப்பம் ஏறியதும் கட்டையிலுள்ள நீர் முதலில் ஆவியாகிறது. அதன்பின் மரம் சிதைந்து பலவகை வாயுக்களை வெளிவிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வாயுவாகவே பிரிந்து போகிறது. நாம் காணும் சுடர் இந்த வாயுக்கள் எரிவதுதான். இறுதியில் எஞ்சும் கரி தணலாகச் சிவந்து எரிந்து சாம்பலாகிறது.

அந்த வாயுக்கள் எரிய வேண்டுமானால் போதிய சூடும் போதிய காற்றும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமல் வெளியேறுகின்றன. அதைத்தான் புகை என்கிறோம். ஆகவே புகை என்பது வேறொன்றுமன்று. நாம் விலை கொடுத்து வாங்கிய விறகு, நமக்குப் பயன்படாமல், கண்ணையும் மார்பையும் கெடுத்துக்கொண்டு கூரை வழியே போவதேயாகும். புகையைக் குறைத்தால் உடல்நலமும் காக்கப்படும், விறகும் மிச்சமாகும்.

ஈரக்கட்டையில் என்ன நிகழ்கிறதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீர் இருப்பது இயல்பு. நன்கு காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகிவிடும். எனவே பச்சை விறகு 100 கிலோ வாங்குபவர் 50 கிலோ மரத்தையும் 50 கிலோ நீரையும் வாங்குகிறார். காய்ந்த விறகு 100 கிலோ வாங்குபவருக்கு 80 கிலோ மரம் கிடைக்கிறது. எடைக்கு எடை ஒரே விலை கொடுத்தால், முன்னவருக்குத் தராசிலேயே 30 கிலோ நட்டம்.

நட்டம் அத்துடன் நிற்பதில்லை. ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 70 கிலோ கலோரியும், அதை ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரியும் செலவாகின்றன. அந்த 50 கிலோ நீரையும் ஆவியாக்கி வெளியேற்ற ஏழு கிலோ மரத்தின் வெப்பம் வீணாகும். இவற்றிலும் பெரிய தீமை ஒன்றுண்டு. ஆவியாகும் நீர் அடுப்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், மரத்திலிருந்து எழும் வாயுக்கள் தீப்பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை; அவை புகையாகவே போய்விடுகின்றன. எவ்வளவு ஊதினாலும் அழுகிற விறகு அழுதுகொண்டேதான் இருக்கும். அந்த மருமகளின் ஊதுகுழலுக்கு இயற்கையின் விதியை வெல்லும் ஆற்றல் இல்லை.

கோடரிக்கு உரிய கடமை

விறகு சேகரிக்க ஏற்ற காலம் தை மாதம் முதல் பங்குனி வரை. அறுவடை முடிந்து உழவர் ஓரளவு ஓய்வாக இருக்கும் காலமும் அதுவே. அப்பொழுது வெட்டிப் பிளந்து அடுக்கிய விறகு, சித்திரை வைகாசி வெயிலை முழுவதும் உண்டு, ஐப்பசி மழைக்கு முன் நன்கு காய்ந்துவிடும். ஐப்பசியில் தேவை வந்தபின் வெட்டும் விறகு அந்த அடைமழைக்குள் காய்வது எங்ஙனம்?

வெட்டினால் போதாது, பிளக்கவும் வேண்டும். மரத்தின் பட்டை நீரை உள்ளே தேக்கி வைக்கும் தன்மையுடையது. பிளக்காத உருட்டுக் கட்டை வெளியே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் நெடுநாள் நிற்கும். பிளந்ததும் உட்பகுதி வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்துவிடுகிறது. வீட்டு அடுப்பிற்கு மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட விறகு தேவையில்லை. பச்சையாக இருக்கும்போதே பிளப்பது எளிது என்பதையும் உழவர்கள் அறிவார்கள். சீமைக்கருவேல் போன்ற கடின மரங்கள் காய்ந்து இறுகிய பின் கோடரிக்கும் ஆப்புக்கும் வணங்குவதில்லை.

அடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. விறகை மண்தரையில் குவித்தால் அடியிலுள்ளது ஈரத்தை உறிஞ்சும்; கறையானும் பிடிக்கும். கற்களின் மேல் இரண்டு கழிகளைப் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்க வேண்டும். காற்று ஊடுருவிச் செல்லுமாறு இடைவெளி விட வேண்டும். மேலே கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயால் முற்றிலும் போர்த்தி மூடிவிடுவது, ஈரத்துணியை மடித்துப் பெட்டியில் வைப்பதற்கு ஒப்பாகும். விறகு அடுக்கில் தேளும் பாம்பும் ஒதுங்குவதுண்டு. ஆதலால் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் சிறிது தள்ளி அடுக்குவதும், இருட்டில் கைவிட்டு எடுக்காமல் இருப்பதும், மேலிருந்து எடுத்துவருவதும் நலம்.

விறகு காய்ந்துவிட்டதா என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. வெட்டுமுகத்தில் வெடிப்புகள் தோன்றும். பட்டை கழன்று வரும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமான ஓசைக்கு மாறாகக் கணீரென்று ஒலிக்கும். இவற்றினும் உறுதியான சோதனை தராசு. ஒரு விறகுத் துண்டில் அடையாளமிட்டு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வரவேண்டும். எடை குறைந்துகொண்டே வந்து, பின்பு குறையாமல் நின்றுவிட்டால், அது உலர வேண்டிய அளவு உலர்ந்துவிட்டதென்று கொள்ளலாம். தராசு இல்லாத சங்கம் ஏது?

எதை எரிக்கக்கூடாது என்பதையும் இங்கே கூறிவிடுகிறோம். அரளிக் கட்டையின் புகை நச்சுத்தன்மை உடையது. சுள்ளியாகக்கூட அதை அடுப்பில் இடலாகாது. வண்ணம் பூசிய பழம் பலகைகளும், நெகிழிப் பைகளும், ரப்பர்த் துண்டுகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை. தீ மூட்டுவதற்கு நெகிழிப் பையைக் கொளுத்தும் வழக்கம் இப்பொழுது பரவி வருவது மிகவும் வருந்தத்தக்கது. தென்னை உள்ள ஊரில் பன்னாடைக்கும் பாளைக்கும் பஞ்சமில்லை. பருத்தி விளையும் ஊரில் காய்ந்த பருத்திமார் உண்டு. தீ மூட்டுவதற்கு இவற்றைவிடச் சிறந்தவை வேறெவை?

அடுப்பின் வாயில்

விறகு காய்ந்து வீட்டிற்கு வந்துவிட்டது என்று கொள்வோம். இனி அடுப்பில் வைக்கும் முறை. நம் தாய்மார்கள் பலருக்கு இது கைவந்த கலை. அவர்களுக்குக் கற்பிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர்கள் செய்வதன் காரணத்தைப் பிறரும் அறிந்து, அவசியமானபோது தாமும் அடுப்பருகே அமரட்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலாவதாக, சாம்பலை அள்ள வேண்டும். முந்தின நாள் சாம்பல் அடுப்பு வாயில் பாதியளவு நிறைந்திருந்தால், காற்று நுழைய வேண்டிய வழி அடைபட்டுப் போகும். தீ, காற்றைக் கீழிருந்து இழுப்பது. ஆகவே விறகைத் தரையோடு தரையாகக் கிடத்தாமல், அடுப்பு வாயின் குறுக்கே ஒரு செங்கல் துண்டையோ இரண்டு இரும்புக் கம்பிகளையோ வைத்து அவற்றின்மேல் கிடத்தினால், அடியில் காற்று தாராளமாகச் செல்லும். செலவில்லாத இந்தச் சிறு மாறுதலே தீயைத் தெளிவாக எரியச் செய்யும்.

இரண்டாவதாக, சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்ல வேண்டும். பன்னாடை, அதன்மேல் விரற்பருமனுள்ள சுள்ளிகள், அவை பற்றிக்கொண்டபின் கட்டைவிரல் பருமனுள்ளவை, அதன்பின் பிளந்த விறகு என்ற வரிசையே முறை. தொடக்கத்திலேயே பெரிய கட்டையை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால், எண்ணெய் எரிந்து தீரும். கட்டை கருகிப் புகையும். தீ விபத்துக்கும் இடமாகும்.

மூன்றாவதாக, விறகுகளின் நுனிகள் மட்டும் பாத்திரத்தின் நடுவிற்குக் கீழே கூட வேண்டும். ஒரே கட்டை தனித்து எரியாது. ஒன்றின் சூடு மற்றொன்றைக் காப்பதால் மூன்று நான்கு விறகுகள் அருகருகே இருப்பது அவசியம். ஆனால் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டால் இடையில் காற்றுப் புகாது. விலகிப் பிரிந்தால் சூடு தணியும். ஒரு விரல் இடைவெளி பொருத்தமானது. அடுப்பு வாயில் பாதிக்குமேல் விறகை அடைக்கலாகாது. மறுபாதி காற்றுக்கு உரியது.

நான்காவதாக, ஒரே தடவையில் நிரப்பிவிட்டு எழுந்துபோகும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதிக விறகு ஒருங்கே சூடேறினால், வாயுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும். அவற்றை எரிக்க அடுப்பிலுள்ள காற்று போதாது, விளைவு கரும்புகை. நுனி எரிய எரியச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுவதே சரி. தீயைக் குறைக்க வேண்டுமானால் விறகை வெளியே இழுத்தால் போதும். "எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்" என்று நம் முன்னோர் சொன்னது வாழ்க்கைக்கு மட்டுமன்றி அடுப்புக்கும் நேர்ப்பொருளிலேயே பொருந்தும். உலை கொதித்தபின் பெருந்தீ வேண்டியதில்லை. கொதிக்கும் நீர் எவ்வளவு தீ எரித்தாலும் அதற்குமேல் சூடேறாது. வீணாக ஆவியாகிப் போகும். மூடியிட்டுச் சிறுதீயில் வைத்தால் அரிசி வேகும். பருப்பை முன்னரே ஊறவைத்தால் விரைவில் வேகும்.

தீயின் தோற்றமே தவற்றைச் சொல்லிவிடும். விறகின் நுனியில் நுரை கட்டினால் ஈரம். சுடர் சோம்பிக் கருமையாகப் புகைந்தால் விறகு மிகுதி அல்லது காற்றுக் குறைவு. சுடர் அடுப்பு வாய்க்கு வெளியே நாக்கை நீட்டினால் வாய் நிரம்பிவிட்டது, அல்லது பாத்திரம் குமிழ்களின்மேல் இடைவெளியின்றி அமர்ந்து சூடு வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. சுடர் பாத்திரத்தைச் சுற்றிக் கழுத்துவரை ஏறினால் தீ தேவைக்கு மிஞ்சியது. பாத்திரத்தின் அடியில் கரி தடிமனாகப் படிந்தால், விறகு சரியாக எரியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஊதுகுழல் தீ மூட்டும்போது ஒருமுறை உதவ வேண்டிய கருவி. சமையல் முடியும்வரை அது கையை விட்டு நீங்கவில்லை என்றால், மேற்கூறியவற்றுள் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்று பொருள்.

சமையல் முடிந்ததும் எஞ்சிய கொள்ளிகளை இழுத்து, சாம்பலிலோ மணலிலோ செருகி அணைத்துவிட வேண்டும். நீரூற்றி அணைத்தால் மறுநாளைக்கு ஈர விறகு நாமே செய்துகொண்டதாகும். கருகிய நுனியிலிருந்து வாயுக்கள் முன்னரே நீங்கிவிட்டதால், மறுநாள் அது விரைவாகப் பற்றும், புகையும் குறைவு. ஆனால் முற்றிலும் அணைந்தது உறுதியாகுமுன் அதை விறகு அடுக்கில் சேர்க்கக்கூடாது. குளிருக்காகத் தணலைச் சட்டியில் எடுத்துக் கதவடைத்த அறையில் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. தணல் புகையாது, ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத, மணமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அதிலிருந்து வெளிப்படும்.

புதிய அடுப்பு மட்டும் போதுமா?

அடுப்பையே மாற்றிவிட்டால் இத்துணைக் கவலையும் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நல்ல அடுப்பின் பயனை நாம் மறுக்கவில்லை. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 100-க்கு 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. திருத்தமான அடுப்பில் அது ஏறக்குறைய இருமடங்காகும். இத்துறையில் நம் நாட்டில் முயற்சிகள் பல நடந்துள்ளன. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர் புகைபோக்கியுள்ள மண்ணடுப்பை வகுத்து, 1953-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தார் 1980-களில் 'அஸ்திரா' அடுப்பை உருவாக்கினர். அதே பத்தாண்டில் மத்திய அரசு தேசியத் திருத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது.

ஆயினும் இவ்வாறு கொடுக்கப்பட்ட அடுப்புகளில் பல, சில ஆண்டுகளில் உடைந்தும் அடைபட்டும் மூலையில் கிடந்தன. ஒடிசாவில் 44 கிராமங்களில் புகைபோக்கி அடுப்புகள் வழங்கி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் மூவர் நடத்திய ஆய்வு 2016-இல் இதழில் வெளிவந்தது. முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. விறகுச் செலவும் குறையவில்லை. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாததும், பழுதுபார்க்காததுமே இதற்குக் காரணம் என அவர்கள் கண்டனர். இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது எளிது. முறையைப் பழக்குவதும் தொடர்ந்து பேணுவதும் அரிது. ஈர விறகை இட்டால் எந்த அடுப்பும் புகையும். எந்நாளும் உடனிருந்து பேணும் வேலையோ, ஊரிலேயே இருந்து ஊராரால் நடத்தப்படும் சங்கத்திற்கே இயல்வது.

சங்கங்கள் செய்யவேண்டுவன

நூலைத் தனித்தனியே கடனுக்கு வாங்கி நெசவாளர் நலிந்த காலம் ஒன்றுண்டு. பின்னர்ச் சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கவும், சேர்ந்தே விற்கவும் கற்றோம். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது அந்த எண்ணத்தின் பயனே. நூலுக்குப் பொருந்திய நியாயம் விறகுக்குப் பொருந்தாதா? மழைக்காலத்தில் நெசவாளரின் தறி ஓய்கிறது, கூலி குறைகிறது. அதே மாதத்தில்தான் காய்ந்த விறகு அரிதாகி விலையும் ஏறுகிறது. வருவாய் சுருங்கிய வேளையில் நீருக்கு விலை கொடுத்து, நோயையும் உடன் வாங்கிச் செல்கிறார். மறுபுறம், நம் விவசாய அங்கத்தினர்களின் நிலங்களில் கோடைக்கு முன் அகற்றப்படும் சீமைக்கருவேலும், வரப்பு மரங்களில் கழிக்கும் கிளைகளும், தென்னை மட்டைகளும் நல்ல விலையின்றிக் கிடக்கின்றன. சிலர் வயலிலேயே கொளுத்தியும் விடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே சங்கத்தில் இருந்தும் ஒருவருக்கொருவர் உதவாதிருப்பது வியப்பன்றோ?

ஆகவே நாம் கூறும் யோசனை இது. மாசி, பங்குனி மாதங்களில் சங்கம் விவசாய அங்கத்தினர்களிடமிருந்து விறகை வாங்க வேண்டும். பச்சை விறகுக்குரிய விலையை நீரின் எடையைக் கழித்து நிர்ணயிக்க வேண்டும். வேலையற்ற இளைஞருக்குக் கூலி கொடுத்து மணிக்கட்டுப் பருமனில் பிளந்து, திறந்த கொட்டகையில் அடுக்க வேண்டும். மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, காய்ந்ததை ஐப்பசி முதல் அங்கத்தினருக்கு அடக்க விலையில் வழங்க வேண்டும். கூரை ஒன்றும், தராசு ஒன்றும், கோடரிகள் சிலவும் இதற்குப் போதும். ஆறு மாதம் பணம் முடங்குமே என்று நிர்வாகிகள் தயங்கலாம். கிடங்கில் நூலும் துணியும் அவ்வாறு முடங்குவதில்லையா? முதலாண்டில் இருபது குடும்பங்களுக்குத் தேவையான அளவோடு தொடங்கிப் பார்ப்பதில் பெரும் இழப்பு நேர்ந்துவிடாது.

மற்றொன்றும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சங்கக் கூட்டத்தில் இரண்டு அடுப்புகளை வைத்து, ஒன்றில் ஈர விறகும் மற்றொன்றில் உலர்ந்த விறகும் எரித்து, ஒரே அளவு நீரைக் காய்ச்சிக் காட்டுங்கள். எவ்வளவு விறகு செலவாயிற்று, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். விறகு வைக்கும் முறையை விளக்குபவர் வெளியூர்ப் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. புகையின்றி அடுப்பெரிப்பதில் ஊரில் பெயர்பெற்ற தாய்மார் ஒருவரே அதற்குத் தகுதியானவர். அக்கூட்டத்தில் முன்வரிசையில் ஆண்கள் அமரட்டும். ஈர விறகு எரியும் அடுப்பை ஊதும் பொறுப்பை அவர்களுள் ஒருவருக்கே கொடுங்கள். பத்து நிமிடங்களில் அவர் பெறும் அறிவு நம் கட்டுரையைப் படித்துப் பெறும் அறிவைவிட ஆழமாகப் பதியும்.

நாம் முதலில் கூறிய அந்த இல்லத்திற்கு மீண்டும் வருவோம். விடைபெறும்போது அவ்வீட்டுத் தலைவரிடம், "அடுத்த தை மாதத்தில் விறகைப் பிளந்து போடுங்கள், மருமகளின் குற்றம் தானே தீர்ந்துவிடும்" என்று கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து உள்ளே சென்று, அடுப்பின் முன் கிடந்த உருட்டுக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கட்டையைப் பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டுத் தலைவரும், ஒவ்வொரு சங்க நிர்வாகியும், இன்றே தம் வீட்டு விறகைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கட்டும். அது கணீரென்று ஒலிக்கவில்லையாயின், குற்றம் அடுப்பங்கரையில் இல்லை என்பதை உணர்வார்களாக.